மூலச் சக்கரத்தை இருபத்தொரு முறை துடைத்தல்

வாரியத்தைப் பற்றி நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், நினைத்துக்கொள்ளட்டும். கோபம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்வதற்கு அங்கே அவர்கள் எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நான் வயர்கட் மெஷின் ஓட்டுகிறவன். தலைமுடி பருமனில் ஒரு பித்தளைக் கம்பி தண்ணீருக்குள் ஓடும். அது இரும்பைத் தொடாது. தொடுவதற்கு முன்னாலேயே பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு துணுக்கைத் தின்றுவிட்டுப் போகும். அப்படி வெட்டினால் இரும்பு பளபளக்காது. முதல் வெட்டில் உருகிய இரும்பு மேலே தோல்போல ஒட்டிக்கொள்ளும். அதை மெல்ல மெல்ல நாலு தடவை சீவி எடுத்தால், சாம்பல் நிறத்தில் ஒரு மேற்பரப்பு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள் அதில் நிறைந்திருக்கும். அந்தக் குழிகளில் கிரீஸ் தங்கும், பற்கள் தேயாமல் ஓடும். பதினெட்டு வருஷமாக எனக்கு இதுதான் சோறு போடுகிறது.

எனக்கு ஒரே அக்கா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவருஷம் அவளுக்கு ஒரு வியாதி வந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக உடம்பில் இறங்கிக்கொண்டே இருந்தால் அக்கா அக்காவாக இருப்பாள். சொட்டு நின்றால் இருந்த இடத்தில் இருந்தபடியே உறைந்துபோவாள். காபி தம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நிற்கும். கண் மட்டும் அசையும். அதற்காக இடுப்பில் ஒரு சின்ன பம்ப் கட்டியிருக்கிறாள். பம்புக்குள் மிளகை விடச் சற்றே பெரிய பல்சக்கரம் ஒன்று, இருபது பல். ஒரு பல் நகர்ந்தால் ஒரு சொட்டு.

பழைய வேலையின் விசில் இன்னும் அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. உறைவதற்கு ஒரு நொடி முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு விசில் கொடுப்பாள். ஒரு விசில் என்றால் நிறுத்து. நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து, பம்பின் சாவியைக் கையால் திருகி மருந்தை இறக்குவேன். பத்து நிமிஷத்தில் உடம்பு இளகும். இளகியதும் இரண்டு விசில் கொடுப்பாள். இரண்டு விசில் என்றால் போகலாம்.

ஆறு வருஷம் ஓடிய பிறகு பம்பின் சக்கரம் தேய்ந்தது. ஆஸ்பத்திரியில் தர வாரியத்தின் முத்திரை உள்ள புதுச் சக்கரம் ஒன்றைப் போட்டார்கள். மூக்குத்திக் கல் மாதிரி மின்னியது. ஒன்பதாம் நாளிலிருந்து பல் வழுக்க ஆரம்பித்தது. அதை மாற்றி இன்னொன்று போட்டார்கள். அது இன்னும் நன்றாக மின்னியது, ஐந்தாம் நாளே வழுக்கியது. ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்ட விசில், மூன்று தடவை, நாலு தடவை என்று ஆயிற்று. ஒருநாள் எரிகிற அடுப்புக்கு முன்னால் கையை நீட்டியபடி உறைந்துவிட்டாள். நான் அடுத்த அறையில் இருந்ததால் கை தப்பியது.

பம்புகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார். பம்ப் கம்பெனியின் வரைபடத்தை அவரிடம் வாங்கிப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஒரு சக்கரம் வெட்டினேன். அவர் அதைச் சோதனை மேஜையில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். ஒரு பல்கூட வழுக்கவில்லை.

“இது ஓடும்னு எனக்குத் தெரியுது. ஆனா ஆஸ்பத்திரி என்கிட்ட கேக்கறது ஓடுமான்னு இல்ல, முத்திரை இருக்கான்னு. வாங்கிட்டு வந்துடுங்க, நான் போட்டுடறேன்” என்றார்.

சிறு பல்சக்கர மேற்பரப்புத் தர வாரியத்துக்கு நான் போனது இப்படித்தான். ஒரு முத்திரைதானே, அரை நாள் வேலை என்று கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சுக் காலணி மாட்டச் சொன்னார்கள். நடந்தால் தூசி எழும், தூசி எழுந்தால் தரம் இறங்கும் என்று அங்கே எழுதியே ஒட்டியிருந்தது. கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. அதன் சக்கரங்கள் முழுவதும் வாரியத்தின் முத்திரை பெற்றவை என்று கீழே ஒரு பித்தளைத் தகடு சொன்னது. கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்தங்கி ஓடியது. வாரியத்தின் வேலை நேரம் அந்தக் கடிகாரப்படிதான் என்றும், வெளியே ஓடும் நேரத்துக்கு வாரியம் பொறுப்பல்ல என்றும் குமாஸ்தா எனக்கு விளக்கினார்.

குமாஸ்தா நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே டைப் அடிக்கிறவர். இந்தக் குணத்தால்தான் அவருக்கு இருபது வருஷமாகப் பதவி உயர்வு வரவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அவர் விண்ணப்பத்தோடு சக்கரத்தின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் மூன்று கேட்டார். முகம் நேராகத் தெரிய வேண்டுமாம். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், எது முகம் என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “எது சிரிச்ச மாதிரி இருக்கோ அதை எடுங்க” என்றார்.

புகைப்படம் எடுத்து, ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு ஆறு நாள் கழித்து என்னைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் அக்கா பத்தொன்பது தடவை உறைந்திருந்தாள்.

அறையில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். முதலாமவர் பார்வை அதிகாரி. ஒரு சக்கரம் தேறுவதற்கு அவருடைய மீசை அதில் தெரிய வேண்டும் என்பது விதி. மிளகளவு சக்கரத்தில் முழு மீசை எப்படித் தெரியும் என்ற கேள்வி முன்பே எழுந்து, ஒரு பல்லுக்கு ஒரு முடி என்று தீர்மானமாகியிருந்தது. அவர் என் சக்கரத்தைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் தேடினார். பிறகு வருத்தத்தோடு, “நான் இதுல இல்லவே இல்லையே” என்றார்.

இரண்டாமவர் தொடு அதிகாரி. வலது ஆள்காட்டி விரலுக்குப் பட்டுறை போட்டிருந்தார். அந்த விரலால் அவர் வீட்டில் பாத்திரம் தொடுவதில்லை, குழந்தையின் கன்னத்தைக்கூட இடது கையால்தான் தொடுவாராம். உறையைக் கழற்றி என் சக்கரத்தைத் தொட்டார். சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

“சொரசொரன்னு இருக்கே?”

பொறியில் வெட்டியது அப்படித்தான் இருக்கும் என்றும், அந்தக் குழிகளில்தான் கிரீஸ் நிற்கும் என்றும் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அளவையும் மேற்பரப்பையும் அளக்கிற மெஷின் ஒன்று இருக்குமே, அதில் வைத்து எண்ணாகப் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். இருந்தது. மேல்தட்டு ஃபைலை எடுக்கத் தொடு அதிகாரி ஏறி நிற்கும் பெட்டிக்குள், பிரிக்காத உறையோடு இருந்தது. அது சொல்வதும் விரல் சொல்வதும் வேறாக இருந்தால் யாரை நம்புவது என்ற குழப்பம் வரக்கூடாது என்பதால் பிரிக்கவில்லையாம்.

அதன் பிறகு தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கத்தரிப்பூ நிற வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே மூலச் சக்கரம். உலகத்தில் இந்த அளவில் எந்தச் சக்கரம் செய்தாலும் இதைப்போல் இருக்க வேண்டும். அதுதான் வாரியத்தின் அளவுகோல். தலைவர் மென்தோல் துணியில் பயறளவு பாலிஷ் பேஸ்ட் எடுத்து, மூலச் சக்கரத்தை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். பார்வை அதிகாரி எண்ணினார். இருபத்தொரு முறை. இருபதோடு நிறுத்தினால் முழு எண்ணாக இருப்பதால் யாரோ தோராயமாகச் செய்தது போலத் தோன்றும் என்பதற்காக ஒன்று கூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னாலும் இருபத்தொரு முறை. வாரியம் ஆரம்பித்து இருபத்தாறு வருஷம்.

என் சக்கரத்தைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்க்க என்னையும் அனுமதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்து நானே வெட்கப்பட வேண்டும் என்பது நடைமுறை.

பார்த்தேன். மூலச் சக்கரத்தின் பற்கள், சப்பிச் சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன. பருமனில் கால்வாசியைக் காணோம். ஆனால் ஒரு பல்லின் அடியில், துணி நுழையாத மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டும் ஒரு சிறு மேடும் தெரிந்தன. கம்பி வெட்டத் தொடங்கி, சுற்றிவந்து, அதே இடத்தில் முடிக்கும்போது அப்படி ஒரு மேடு நிற்கும். எந்த வயர்கட்காரனும் தூக்கத்தில்கூட அதை அடையாளம் சொல்வான்.

“ஐயா, இதுவும் பொறியில வெட்டினதுதான். செஞ்ச அன்னிக்கு என்னோட சக்கரம் மாதிரிதான் இருந்திருக்கும். நீங்க துடைச்சுத் துடைச்சுப் பல்லைத் தேய்ச்சுட்டீங்க. கடையில வர்ற சக்கரமெல்லாம் இதைப் பார்த்துச் செய்யறதாலதான் வழுக்குது” என்றேன்.

தலைவர் கோபப்படவில்லை. அறியாத ஒருவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, பாலிஷ் அறைக்கு அனுப்பச் சொன்னார். அங்கே ஒரு சம்மதப் படிவம் நீட்டினார்கள். என் சக்கரத்தை மூலச் சக்கரத்தின் நிலைக்கு உயர்த்த நான் மனமார ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே முத்திரை கிடைக்கும். முத்திரையோடு அது அக்காவின் இடுப்பில் ஐந்தாம் நாள் வழுக்கும். நான் பேனாவை வைத்துவிட்டு மேல்முறையீட்டுப் படிவம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பது பாலிஷ் அறைக்காரருக்கே தெரியாது. குமாஸ்தாதான் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மேல்முறையீட்டை விசாரிப்பவரும் அதே தலைவர்தான். நாற்காலி மட்டும் வேறு.

விசாரணை அன்றைக்கு அக்காவும் வந்தே தீருவேன் என்று வந்தாள். முப்பது வருஷம் கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் கொடுத்தவளைப் பஞ்சுக் காலணி ஒன்றும் செய்யவில்லை. என் முறை வருவதற்குள் அவளே எழுந்தாள். தலைவரை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டி, “நீங்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மறு கை விசிலை வாய்க்குக் கொண்டுபோனது. ஒரு விசில்.

கூடம் முழுக்க அப்படியே நின்றது. தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார். நான் குனிந்து பம்பின் சாவியைத் திருகினேன். அக்கா உறைந்துபோயிருந்தாள். நீட்டிய விரல் நீட்டியபடி, கண் கொட்டாமல், தலைவரையே பார்த்தபடி.

தலைவருக்கு இது வியாதி என்று தெரியாது. கேள்வியைக் கேட்காமலே பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். குறுக்கே பேசக்கூடாது என்று கையமர்த்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு புரியுது. மூலச் சக்கரம் முதல்ல மங்கலாத்தான் இருந்துச்சு, பழைய ரெக்கார்டுல இருக்கு, நாங்க மறைக்கல. அப்போ இருந்த தரம் எங்கே, இப்போ இருக்கிற தரம் எங்கே! இருபத்தாறு வருஷத்துல ஒரு சக்கரம்கூடச் செய்யாம, வெறும் துணியை வச்சே தரத்தை உயர்த்தின நிறுவனம் வேற எதாவது இருக்கா?”

விரல் இறங்கவில்லை.

“பல் குறைஞ்சிருக்கு. சரி. பளபளப்பு கூடியிருக்கில்ல? சக்கரத்தோட கடமை மூலச் சக்கரம் மாதிரி இருக்கறது. சுத்தறது அதோட சொந்த விஷயம். பம்ப் வழுக்குதுன்னா, அது பம்போட ஒழுக்கம்.”

விரல் இறங்கவில்லை. தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பேஸ்ட் கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டோம், ஒத்துக்கறேன். அது எனக்கு முன்னாடி இருந்த தலைவர் காலத்துலேயே ஆரம்பிச்சது. கடிகாரம் லேட்டா ஓடறதும் தெரியும். அதைச் சரி பண்ணினா நாங்க இத்தனை வருஷமா லேட்டா வந்ததா ஆயிடாதா? நான் என்னங்க பண்றது? துடைக்கறதை நிறுத்தினா நாங்க காலையில வந்து என்ன செய்யறது?”

இந்தக் கடைசிக் கேள்வியை அவர் நிஜமாகவே அக்காவிடம் கேட்டார். அந்த நேரத்தில் மருந்து வேலை செய்தது. விரல் மெல்ல இறங்கியது. அக்கா பெருமூச்சு விட்டு, இரண்டு விசில் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் கேக்க வந்ததே வேற. டாய்லெட் எங்கன்னு கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

குமாஸ்தா எல்லாவற்றையும் டைப் அடித்துவிட்டிருந்தார்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. என் சக்கரத்தை எண்களாலேயே கிழித்துத் தொங்கவிடுகிறேன் பார் என்று, அந்த அளக்கும் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். இரண்டு சக்கரத்தையும் அதில் வைத்து, நான் கொடுத்த பம்ப் கம்பெனி வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தார்கள். தொடு அதிகாரி விரலைப் பட்டுறைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கடைசி முறையாக என்னிடம் சம்மதப் படிவத்தை நீட்டினார்கள்.

“கையெழுத்துப் போட மாட்டேன். இந்தச் சக்கரத்து மேல ஒரு துணிகூடப் படக்கூடாது. நிராகரிக்கறதுன்னா நிராகரிங்க. ஏன்னு எழுதிக் கொடுங்க” என்றேன். என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

குமாஸ்தா அளவுகளைப் பார்த்து டைப் அடித்தார். தலைவர், ‘நிராகரிக்கப்படுகிறது’ என்ற கடைசி வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் எந்தக் கடிதத்திலும் அதற்கு மேல் படிப்பதில்லையாம். கடிதம் இதுதான்:

‘விண்ணப்பதாரரின் சக்கரம் பம்ப் கம்பெனியின் வரைபடத்தோடு எல்லா அளவிலும் பொருந்துகிறது. மேற்பரப்பும் வரைபடத்தில் கேட்டபடியே உள்ளது. வாரியத்தின் மூலச் சக்கரம் அதே வரைபடத்தோடு எந்த அளவிலும் பொருந்தவில்லை. ஆகவே விண்ணப்பதாரரின் சக்கரம் நிராகரிக்கப்படுகிறது.’

டெக்னீஷியன் அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார். பிறகு பம்பைத் திறந்து, பளபளத்த சக்கரத்தை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டார். என் சக்கரத்தை வைத்து மூடினார். பதிவேட்டில் முத்திரை ஒட்ட வேண்டிய கட்டத்தில், ‘ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. பொறுப்பு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிராகரிப்புக் கடிதத்தை அதோடு பின் செய்தார். உங்கள் வேலைக்கு ஆபத்து வராதா என்று கேட்டேன்.

“வரட்டும். இவங்க அடுப்பு முன்னாடி நின்னதை நினைச்சா, வேலை பெருசாத் தெரியல” என்றார்.

இரண்டு மாசமாக அக்கா ஒரு தடவைகூட உறையவில்லை. கடிதத்தின் நகல் எப்படியோ மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கிறது. அவர்கள் இப்போது வாரியம் நிராகரித்த சக்கரமா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்களாம். வயர்கட்காரர்கள் நிராகரிப்பு வாங்க வாரிய வாசலில் பஞ்சுக் காலணியோடு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பேருடைய சக்கரம் தவறுதலாகத் தேறிவிட்டதென்று அவர்கள் அழாத குறையாக மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.

வாரியம் இதையும் ஒழுங்குபடுத்த முடிவு செய்தது. நிராகரிப்புக்கும் ஒரு தரம் வேண்டும், அதற்கு ஒரு மூலச் சக்கரம் வேண்டும், முதலில் நிராகரிக்கப்பட்டவன் என்ற முறையில் என் சக்கரம் ஒன்றைத் தந்து உதவ வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. அதைத் துடைக்காமல் வைத்திருப்பீர்களா என்று பதில் எழுதிக் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். துடைக்கப்படவில்லை என்பதை உறுதி செய்ய, மூன்று பேர் கொண்ட குழு தினமும் காலையில் அதை விரலால் நன்றாகத் தேய்த்துப் பார்க்கும் என்றும் தெரிவித்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் அடுத்த சக்கரத்தின் கணக்கைப் போட்டேன். பதில் அனுப்பவில்லை.

நேற்றுக் காலை தொடு அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். கையில் புது வெல்வெட் பெட்டி, இந்தத் தடவை பச்சை. சட்டைப் பையிலிருந்து மென்தோல் துணியின் நுனி எட்டிப் பார்த்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய நாற்பது சக்கரம் டப்பாவில் இருந்தது. அவர் டப்பாவைப் பார்த்தார். பட்டுறையைக் கழற்றிக்கொண்டே வாசற்படியில் காலைத் தூக்கினார்.

அக்கா ஒரு விசில் கொடுத்தாள்.

அவர் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். எதற்காக நின்றோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கூடத்தில் நின்ற பழக்கம் போலிருக்கிறது. அக்கா எழுந்து போய், முப்பது வருஷம் படிக்கட்டில் தொங்கியவர்களை அப்புறப்படுத்திய அதே குரலில் சொன்னாள்.

“உள்ளே இடமில்ல. இறங்குங்க.”

இறங்கினார். பச்சைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை போனார், ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், போய்விட்டார். அக்காவின் இடுப்பில் பம்ப் ஒரு பல் நகர்ந்தது. பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். நான் டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்து இரண்டு விசில் கொடுத்தாள்.